குனிந்து நுழையும் வாசல்

லோரி எங்கள் சாமான்களோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சந்துக்குள் நுழைந்தபோது காலை வெயில் சுள்ளென்று அடித்தது. முனையில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தண்டவாளப் பக்கம் கொமியூட்டர் ரயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஐஸ்பெட்டியை இறக்கிய ஆள் எங்கள் புது வீட்டின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, இதை எது வழியா உள்ள ஏத்தறது?" என்று கேட்டார்.

கேட்டதில் தப்பில்லை. முகப்பில் நான்கு பெரிய தூண்கள் இருந்தன. நான்குமே தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் தொங்கின. பக்கத்தில் ஒரு மொசைக் படிக்கட்டு. ஏறினால் சுவரில் போய் முட்டும். மாடியில் ஒரு ஜன்னல்; திறந்தால் உள்ளே இன்னொரு ஜன்னலின் ஓவியம். இத்தனைக்கும் நடுவில், பழைய செங்கல் சுவர் ஒன்றில், தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு ஒரு சதுர ஓட்டை. அதை மூட மேலிருந்து தொங்கும் ஒரு கண்ணாடிப் பலகை. அதுதான் எங்கள் தலைவாசல். யாராக இருந்தாலும் குனிந்துதான் வர வேண்டும்.

ஐஸ்பெட்டி சமையலறைக் கதவு வழியாகப் போனது. "ஒழுங்கான கதவு இல்லாட்டி தீயணைப்பு போம்பாக்காரன் கையெழுத்துப் போட மாட்டான்" என்று சண்டை போட்டு நான் வைக்கச் சொன்ன கதவு அது. அந்த வீட்டில் கதவு என்று சொல்லத்தக்க கதவு அது ஒன்றுதான்.

வீட்டை வடிவமைத்தவர் என் கணவர் முகுந்தன், கட்டடக் கலைஞர். நான் மலர்விழி, கட்டமைப்புப் பொறியாளர். அவர் வரைவார், அது விழாமல் நிற்குமா என்று நான் கணக்குப் போட்டுச் சொல்வேன். இப்படி இரண்டு பேர் ஒரு கூரையின் கீழ் குடித்தனம் நடத்தினால் தினமும் பட்டிமன்றம்தான். ஆனால் சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிடுவோம். அந்தச் சிரிப்புக்காகவே நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

முகுந்தனுக்குப் பின்நவீனத்துவப் பைத்தியம். லண்டனில் படிக்கும்போது பிடித்தது, இறங்கவேயில்லை. வேலைக்கு உதவாத எதுவும் கட்டடத்தில் இருக்கக்கூடாது என்று நவீனத்துவம் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டதாம். அதற்குப் பதில் சொல்ல வந்ததுதான் பின்நவீனத்துவமாம். கட்டடம் என்பது ஒரு பேச்சு. பழைய கட்டடங்களிலிருந்து மேற்கோள் எடுக்கலாம், கேலி செய்யலாம், முன்னுக்குப் பின் முரணாகப் பேசலாம். தூண் எதையும் தாங்க வேண்டாம், பார்ப்பவனுக்குத் தூண் என்று தோன்றினால் போதும். ஒரு குறிக்குப் பின்னால் நிலையான பொருள் ஏதும் இல்லை, இன்னொரு குறிதான் இருக்கிறது என்பார்.

"இதுக்கு லண்டன் வரைக்கும் போகணுமா?" என்று நான் சீண்டுவேன். "கிரேக்கத் தூண் வெச்ச கொண்டோ, பிரமிடு வெச்ச ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ், செராஸ்ல பல் கிளினிக் வாசல்ல ரோமாபுரிக் குதிரை. இந்த ஊரே அப்படித்தான இருக்கு."

"அவங்க தெரியாம செய்றாங்க. நான் தெரிஞ்சு செய்றேன்லா."

அவருக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது அந்தச் செங்கல் சுவர்தான். இங்கே முன்பு இருந்த ரயில்வே குவாட்டர்ஸ் வரிசை ஒன்றை இடித்தபோது, சுவர்த் துண்டுகளைப் பண்டமாரானில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கொண்டுபோய்க் குவித்திருந்தார்கள். அதில் ஒரு சுவரின் நடுவே சதுரமாக ஓரிடம் மட்டும் வேறு நிறச் செங்கல் வைத்து அவசர அவசரமாக அடைக்கப்பட்டிருந்தது. நிலை கிடையாது, சட்டம் கிடையாது. முகுந்தன் குழந்தை மாதிரிக் குதித்தார். "கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல, புகைபோக்கியும் இல்ல. அர்த்தமே இல்லாத ஒரு குறி, மலர்! இதைத்தான் இத்தனை வருஷமா தேடிட்டிருந்தேன்."

ஒவ்வொரு கல்லுக்கும் சாக்கட்டியால் எண் போட்டுக் கொண்டுவந்து, அதே சுவரை எங்கள் முகப்பில் எழுப்பினார். அடைத்திருந்த செங்கற்களை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டையைத் திறந்துவிட்டார். மேலே பாரம் எவ்வளவு வரும் என்று பார்த்து நான் ஒரு இரும்புச் சட்டம் கொடுத்தேன். யார் அடைத்தார்கள், ஏன் அடைத்தார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பால் காய்ச்சிய அன்று குருக்கள் அந்த ஓட்டையைப் பார்த்ததும் தயங்கினார். "இடுப்பு வலிம்மா" என்று சொல்லிச் சமையலறை வழியாகச் சுற்றி வந்தார். நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. கோலாலம்பூர் மழை தெரியுமே, மாலையாகும் முன்பே வானம் கறுத்து, விளக்குப் போடாமல் கை தெரியாது. முகுந்தன் அலுவலகத்தில் இருந்தார். நான் மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வாசனைதான் வந்தது. நனைந்த பச்சை மூங்கில், அதோடு சாம்பிராணி. பக்கத்து வீட்டில் ஏதோ பூசை என்று நினைத்தேன்.

பிறகு சத்தம். கீழே எதையோ தரையில் இழுக்கிற சத்தம். கொஞ்சம் இழுக்கும், நிற்கும். மறுபடி கொஞ்சம் இழுக்கும்.

"முகுந்தன்?"

சத்தம் நின்றது. கண்ணாடிப் பலகை மட்டும் மெல்ல ஆடி அடங்கியது.

இறங்கிப் பார்த்தேன். கூடத்தில் யாருமில்லை. கறுப்பு மொசைக் தரையில், ஓட்டையிலிருந்து உள்நோக்கி, வெள்ளை வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடந்தது. குனிந்து தொட்டேன். பொரி. நசுங்காத, நனையாத, புதுப் பொரி. வெளியே கொட்டுகிற மழையில் எந்தக் காற்று அதைக் காயவைத்துக் கொண்டுவந்து போட்டது என்று யோசித்தபடியே கூட்டி அள்ளினேன்.

அடுத்த மழைக்கும் வந்தது. இம்முறை கூடத்தின் பாதி வரைக்கும்.

முகுந்தன் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். "பாத்தியா, வீடு தானாவே மேற்கோள் காட்ட ஆரம்பிச்சிடுச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் வேறொன்றையும் கவனித்திருந்தேன். மாடியில் படுப்பதை விட்டுவிட்டார். கூடத்தில் ஓட்டைக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, அங்கேதான் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். தூக்கத்தில் ஒரு கிழட்டு இருமல் இருமினார். அது அவருடைய இருமல் இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தவர்தான் தனலெட்சுமி ஆன்டி. செராஸில் இருக்கிறவர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காரை நிறுத்திவிட்டு நேராகச் சுவருக்குப் போனார். ஒரு கல்லை விரலால் தடவினார்.

"இந்தச் சுவர் எங்கேருந்துமா வந்துச்சு?"

"பழைய ரயில்வே குவாட்டர்ஸ், ஆன்டி. உள்ள வாங்களேன், டீ குடிக்கலாம்."

"வேணாம்மா." அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "இது எங்க வீட்டுச் சுவர். இந்தா, எங்கண்ணன் ஆணியால கிறுக்கினது. இந்த ஓட்டை வழியாத்தான் எங்கப்பாவ எடுத்தாங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அவர் அப்பா ரெங்கசாமி, சிக்னல் வேலை பார்த்தவர். அவிட்ட நட்சத்திரத்தில் இறந்துபோனார். அந்த நட்சத்திரத்தில் இறந்தால் அடைப்பு. போனவர் திரும்பி வருவார், வந்தால் துணைக்கு ஆள் கேட்பார் என்பது நம்பிக்கை. அதனால் பிணத்தை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். சுவரை உடைத்து, கால் முன்னே போக அந்த ஓட்டை வழியாகக் கொண்டுபோய், உடனே அதை அடைத்துவிடுவார்கள். போனவருக்கு வாசல் தெரியாது. அவருக்குத் தெரிந்த வழியோ அங்கே இருக்காது.

"அப்பா நல்லவர்தாம்மா. ஆனா மழை வந்தா யாரோ வெளியேருந்து சுவத்தத் தடவுற மாதிரி இருக்கும். எங்கம்மா எங்கள மூச்சுவிட விடமாட்டாங்க. அடைச்சது அடைச்சபடி இருந்துச்சு, ஒன்னும் நடக்கல." ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தொறந்துட்டீங்க. சீக்கிரம் அடைச்சிடுங்கம்மா. உங்க வீட்டுக்காரரப் பத்திரமா பாத்துக்குங்க."

அன்றைக்கே முகுந்தனிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை, கண்கள் மின்னக் கேட்டுக்கொண்டார். ஆனால் அடைக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கட்டடக்கலை விருதுக்கு அந்த வீட்டை அனுப்பியிருந்தார், நடுவர்கள் பார்க்க வரப்போகிறார்கள்.

"அந்த நம்பிக்கைய வெச்சிருந்த வீடும் போச்சு, ஆளுங்களும் போயிட்டாங்க. மிச்சம் இருக்கறது ஓட்டை மட்டும்தான் மலர். இப்ப அது என் வாக்கியத்துல ஒரு சொல். அவ்ளோதான்."

"சொல்லுக்குப் பொரி எங்கேருந்து வருது?"

அவர் இருமினார்.

நான் காத்திருந்தேன். அவர் ஒரு சொற்பொழிவுக்குச் சிங்கப்பூர் போனதும் எங்கள் கொந்திராக்டர் முகமது ரஃபீக்கைக் கூப்பிட்டேன். அவர் ஆட்களோடு வந்தார். கல் அடுக்கத் தொடங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கும் பொரி கிடந்தது, கூடத்தைத் தாண்டி உள்ளே வரைக்கும். அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, "நிறுத்தாதீங்க ரஃபீக் அண்ணே, இன்னிக்கே முடிச்சிடணும்" என்று விரட்டினேன். கடைசிக் கல்லை வைத்துச் சிமெண்டைத் தேய்த்தபோது வீட்டுக்குள் சாம்பிராணி வாசனை மூச்சடைக்கிற அளவுக்கு எழுந்து, அப்படியே நின்றுவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

முகுந்தன் திரும்பி வந்து சமையலறை வழியாக நுழைந்தார். அடைத்த சுவரைப் பார்த்துக் கத்தினார். நானும் கத்தினேன். இந்த முறை சண்டை சிரிப்பில் முடியவில்லை. அவர் பாயை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரோரம் படுத்துக்கொண்டார்.

காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பினார். சட்டை மாட்டி, பையை எடுத்து, நேராகப் போய் அடைத்த சுவருக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன, இன்னும் கோபமா?"

"வழி எங்க?"

"சமையலறைப் பக்கம் போங்க. கதவு இருக்குல்ல."

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். கதவு திறந்தே கிடந்தது, வெளியே வெயில் தெரிந்தது, தெருவில் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகுந்தன் அதை ஓவியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அது கதவு இல்ல," என்றார் பொறுமையாக. "கதவு மாதிரி வெச்சிருக்காங்க."

நான் விளையாட்டென்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நிலைக்கு ஓரடி முன்னால் அவர் நெற்றி எதிலோ மோதியது. சத்தம் கேட்டது. என் கைக்கு அங்கே வெறும் காற்றுதான் பட்டது.

அவர் நெற்றி தடித்துச் சிவந்தது.

தனலெட்சுமி ஆன்டிக்குப் போன் செய்தேன். அடைத்துவிட்டதைச் சொன்னேன். நல்லது செய்தாய் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அடைக்கறதுக்கு முன்னாடி பொரி எந்தப் பக்கம் போச்சு? உள்ளேருந்து வெளியவா? வெளியேருந்து உள்ளயா?"

"உள்ள, ஆன்டி."

"ஐயோ, தாயே," என்றார். "எங்கப்பாவ உள்ள வெச்சு அடைச்சிட்டீங்களே."

பிணம் வெளியே போன பிறகுதான் அடைக்க வேண்டும். யாரும் அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அவசரத்தில் நான் ஓட்டையைத்தான் பார்த்தேன், உள்ளே வந்தவரை மறந்துவிட்டேன்.

காலை வெயில் போய் அதற்குள் மழை இருட்டிவிட்டது. கூடத்துக்கு ஓடினேன்.

முகுந்தன் தரையில் மல்லாந்து படுத்திருந்தார்.

கால் சுவரைப் பார்த்து நீண்டிருந்தது.

என் வெள்ளைத் துப்பட்டாவைக் கிழித்து, கால் கட்டைவிரல் இரண்டையும் அவரே சேர்த்துக் கட்டியிருந்தார். கைகள் மார்பின் மேல் இருந்தன. மூச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

"ஒடைங்கம்மா," என்றார். என்னை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசாத மனிதர். குரலும் அவருடையது இல்லை. "நேரமாச்சு. எடுத்துடுங்க."

ரஃபீக்கின் ஆட்கள் விட்டுப்போன சுத்தியல் மூலையில் கிடந்தது. எடுத்து ஓங்கினேன். சுவரை உடைத்தால் வந்தவர் போய்விடுவார், என் முகுந்தன் எழுந்து உட்காருவார் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. போனைத் துண்டிக்க மறந்திருந்தேன். அதிலிருந்து ஆன்டியின் அலறல் கேட்டது.

"ஒடைச்சிடாதம்மா! எங்கப்பாவுக்கு அது வழியா நடந்து போகத் தெரியாது. தூக்கிட்டுத்தான் போனாங்க. ஒடைச்சா உங்க வீட்டுக்காரரத்தான் தூக்க வேண்டியிருக்கும்!"

சுத்தியலைக் கீழே போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பயத்தைவிட, இந்த ஆள் இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவேன் என்ற நினைப்புதான் என்னை உலுக்கியது. அந்த நினைப்பிலிருந்துதான் அந்த யோசனை வந்தது.

கட்டைவிரல் முடிச்சை அவிழ்த்தேன். ஒரு துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினேன். கதவைப் பார்த்தால்தானே அது கதவு இல்லை என்று சொல்வார். அக்குளில் கை கொடுத்து எழுப்பி நிறுத்தினேன். உடம்பு ஈரச் சாக்கு போலக் கனத்தது.

"முகுந்தன், கேளுங்க," என்றேன் காதருகில். "உங்க தூண் நாலையும் வெட்டி எடுத்துடப் போறேன். எதையும் தாங்காத தூண் எதுக்கு? வெறும் குப்பை."

அசைவில்லை. ஓரடி நடத்தினேன். எங்களுக்குப் பின்னால் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது.

"பின்நவீனத்துவமாம். கட்டத் தெரியாதவன் சொல்ற சாக்கு. நேரா ஒரு பெட்டி வீடு கட்டியிருந்தா இந்நேரம் நல்லாத் தூங்கியிருப்போம்."

அவர் உதடு அசைந்தது. "பெட்டி..."

"ஆமா, பெட்டி. வெள்ளையடிச்ச கான்கிரீட் பெட்டி. அதுதான் கட்டடக்கலையோட உச்சம்."

"பெட்டியும்... பொய்தான் மலர்." கிழட்டு இருமலுக்கு நடுவே அவருடைய சொந்தக் குரல் கிழிந்துகொண்டு வந்தது. "உண்மைய மட்டும்தான் சொல்றேன்னு நடிக்கற பொய்..."

"யார் சொன்னா? விளக்குங்க பாப்போம்."

விளக்கினார். தடுமாறித் தடுமாறி, வார்த்தை வார்த்தையாகக் கோபப்பட்டுக்கொண்டே விளக்கினார். நான் எதிர்த்துப் பேசினேன், அவர் மடக்கினார், நான் அவரை ஓரடி ஓரடியாக நகர்த்தினேன். என் தோளில் வேறொரு கை இருந்தது. எலும்பும் ஈரமுமான கை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலையைத் தாண்டும்போது அவர் நெற்றி எதிலும் மோதவில்லை. அந்தக் கை மட்டும் என் தோளை விட்டு நழுவிக் கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

மழை எங்கள் இரண்டு பேர் தலையிலும் கொட்டியது. அவர் துண்டை அவிழ்த்தெறிந்தார்.

"ஏன்டி என்னை மழையில நிக்க வெச்சிருக்க?"

கட்டிப்பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

அதன்பின் நாங்கள் அந்த வீட்டுக்குள் போகவில்லை. காஜாங்கில் ஒரு புது அடுக்குமாடியில் வீடு எடுத்தோம். தேடித் தேடி எடுத்தது. முழுக்க அச்சில் வார்த்த கான்கிரீட், கட்டடம் முழுவதிலும் ஒரு செங்கல்கூடக் கிடையாது. வரைபடத்தை வாங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். விருது நடுவர்கள் வெளியில் நின்று பார்த்துவிட்டு, அடைக்கப்பட்ட தலைவாசல்தான் அந்த வீட்டின் மிகத் துணிச்சலான வாக்கியம் என்று எழுதிப் பரிசும் கொடுத்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு நாங்கள் பழையபடி சேர்ந்து சிரித்தோம். முகுந்தன் நன்றாகச் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், இருமுவதில்லை. இரவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

போன வாரம் ரஃபீக் போன் செய்தார், முகுந்தன் இல்லாத நேரம் பார்த்து. கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போயிருந்தாராம்.

"ஆள் வெச்சு ஒடைக்கிறீங்களா, மேடம்? பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. ஆனா நாம அடைச்ச எடத்துல, உள்பக்கமா, மூனு கல்லச் சுரண்டி எடுத்து அழகா அடுக்கி வெச்சிருக்காங்க."

மறுபடியும் அடைக்கச் சொன்னேன். அடைத்தார். மறுநாளே இரண்டு கல் வெளியே வந்திருந்ததாம்.

நேற்றுக் காலை முகுந்தன் பசியாற உட்கார்ந்தபோது அவர் விரல்களைப் பார்த்தேன். கையைப் பிடித்துக் கழுவுதொட்டிக்கு அழைத்துப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நகங்களுக்கடியிலிருந்து செங்கல் தூள் சிவப்பாகக் கரைந்து ஓடியது. விரல் நுனிகள் தேய்ந்து புண்ணாகியிருந்தன.

"என்ன இது, நேத்து நான் பெயிண்ட் ஏதும் தொட்டேனா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.